‘பயனாளி’ என்றொரு வசை

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது, செத்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாத்தலாம்னு ஓடின அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களை ஓடச் சொன்னது கோயிலும் இல்லை, சேவைச் சங்கமும் இல்லை. ஆகவே, மதம் போய்விட்டால் மனுசனுக்கு மனுசன் உதவ மாட்டான் என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

என் சண்டை என் தரப்போடுதான். ரத்த தானத்துக்கும் கண் முகாமுக்கும் படிப்புச் செலவுக்கும் ரோட்டரியும் அரிமாவும் இளைஞர் மன்றமும் இருக்கும்போது சாமி எதுக்குய்யா என்று கேட்கும் நண்பர்களோடு. நானும் அப்படிக் கேட்டுத் திரிந்தவன்தான்.

ஒரு வெடிவிபத்துக்குப் பிறகு நிவாரணக் குழுவோடு போனேன். அரிசி மூட்டை, போர்வை, பின்னால் ஃப்ளெக்ஸ். புருசனைப் பறிகொடுத்த அக்காவிடம், “கொஞ்சம் கேமராவப் பாருங்கம்மா” என்றோம். எங்கள் பட்டியலில் ‘பயனாளிகள்’ என்ற தலைப்பின் கீழே அவர் பெயர். பதினாறாம் நாள் நாங்கள் யாரும் போகவில்லை.

அதே அக்காவை அடுத்த பங்குனிப் பொங்கலில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பார்த்தேன். மஞ்சள் சேலை, கையில் அக்கினிச் சட்டி. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் குடத்துத் தண்ணியை அவர் காலில் ஊற்றினார். நான் பக்தனாகிவிடவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. நாங்கள் அவருக்குக் கொடுத்தோம். கோயில் அவரிடம் கேட்டது. விரதம் கேட்டது, நேர்த்திக்கடன் கேட்டது. யாரிடம் ஊர் ஒன்றைக் கேட்கிறதோ, அவருக்குத்தான் ஊரில் இடம்.

அப்போ மதம்தான் வழியா? அந்த வாசலில் யாரை நிறுத்துவது என்ற பகைதான் 1899இல் சிவகாசியைக் கொளுத்தியது. சிவன் கோயிலுக்குள் விடப்படாத நாடார்கள் அதற்கு முன்பே வேறொன்றைக் கட்டியிருந்தார்கள். வியாபாரத்தில் மகமை, வீட்டில் பிடியரிசி. உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, அதைத் திரட்டி, 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராசர் படித்த பள்ளி. உறவின்முறை சாமி கும்பிடாத அமைப்பில்லை. ஆனால் பிடியரிசிக்குச் சாமி தேவைப்படவில்லை. ஏழை வீட்டுப் பானையும் கொடுத்தது. அதனால் பள்ளி யாருடைய தர்மமும் ஆகவில்லை, ‘நம்ம பள்ளிக்கூடம்’ ஆனது. அதன் குறை ஊரறிந்தது: அந்த ‘நம்ம’ சாதியோடு நின்றது.

1931இல் சுயமரியாதை மாநாடு நடந்த ஊர் விருதுநகர். ஐயர் இல்லாமல் தாலியும் இல்லாமல் கல்யாணம் முடிக்கக் கற்றுக்கொண்டோம். சாவில் படத்திறப்போடு நின்றுவிட்டோம். அதற்குப் பிந்தைய வெறும் நாட்களைக் கோயிலுக்கே விட்டுவிட்டு, ஜனங்க ஏன் இன்னும் சட்டி தூக்குறாங்கன்னு கேட்பது என்ன நியாயம்?

மதச்சார்பற்ற சங்கம் மதத்தின் இடத்தை நிரப்பும். கொடுக்கிறவன் மேடையிலும் வாங்குகிறவள் வரிசையிலும் நிற்கும்வரை நிரப்பாது. அடுத்த கூட்டத்தில் நான் இரண்டே தீர்மானம் கொண்டு வருகிறேன். ஃப்ளெக்ஸ் வேண்டாம். அந்த அக்காவிடமும் மாதம் ஒரு பிடி அரிசி வாங்குவோம். கணக்கு நோட்டையும் அவர் கையிலேயே கொடுப்போம்.