ஞானஸ்நானத்துக்கு முன்

“தலையில் நீர் வார்ப்பதற்கு ஓராண்டு எதற்கு?” எனத் தம் தகப்பனார் வினவுவதாகப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தமையனார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவ விரும்பி, வாரந்தோறும் கோயிலொன்றிற் பாடங் கேட்டு வருகிறாராம். மனத்தைச் சிறிது சிறிதாகக் கலைத்துத் தம் பக்கம் இழுப்பதற்கான ஏற்பாடோ இது என்று வீட்டார் ஐயுறுகின்றனர். நான் சைவன், எனினும் வரலாறு கற்பிக்குந் தொழிலுடையேன் ஆதலின், அவ்வளவில் விடை கூறலாம்.

காலம் நீள்வது வருபவரை இழுப்பதற்கன்று, நிறுத்திப் பார்ப்பதற்கே. இதனை விளங்கிக்கொள்ள நாலாம் நூற்றாண்டின் எருசலேம் நகருக்குச் செல்லவேண்டும். 381 முதல் 384 வரையான ஆண்டுகளில் அங்கு யாத்திரை செய்த எகேரியா என்னும் மேலைநாட்டுப் பெண்மணி, தாம் கண்டவற்றைத் தம் சகோதரிகளுக்கு எழுதினார். நெடுங்காலம் மறைந்துகிடந்த அவ்வேடு 1884இல் இத்தாலியிலே கண்டெடுக்கப்பட்டது.

பாஸ்கா விழாவுக்கு முந்திய தபசு காலத்தின் தொடக்கத்தில், ஞானஸ்நானம் பெற விழைவோர் பெயர் பதிகின்றனர். பின்னர் ஒவ்வொருவராக மேற்றிராணியார் முன்பு நிறுத்தப்படுகின்றனர். அவர் வினவுவதோ அயலவரை! இவன் நல்லொழுக்கம் உடையவனா? பெற்றோரை மதிப்பவனா? குடிகாரன் அல்லனே? குற்றம் உண்டென்று தெரிந்தால், திருந்திய பின்னர் வருக என அனுப்பிவிடுகிறார். தன்னை அறிந்த சாட்சியில்லாத அந்நியனுக்கு ஞானஸ்நானம் எளிதிற் கிட்டாது. பெற்றோரைப் பற்றிய வினாவை மாணவரின் தகப்பனார் கவனிப்பாராக.

அதன்பின் ஏழு வாரம், நாடோறும் மூன்று மணி நேரம் பாடம். ஐந்து வாரம் வேதாகமம். பின்னர் விசுவாசப் பிரமாணம். இப்பிரமாணத்தை ஏட்டில் எழுதாது நெஞ்சில் எழுதவேண்டும் என்பது எருசலேம் மேற்றிராணியாராயிருந்த சிறிலின் கட்டளை. நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். மேற்றிராணியார் கிரேக்க மொழியிற் பேச, குருவானவர் ஒருவர் அருகில் நின்று சீரிய மொழியிற் பெயர்த்துரைப்பாராம். இரண்டும் அறியாத இலத்தீன் மக்களுக்கும் விளக்கிச் சொல்ல ஆளிருந்தது. மொழிச் சிக்கலை அவர்கள் எவ்வளவு அமைதியாகத் தீர்த்துக்கொண்டனர்!

குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் அளிக்கும் வழக்கம் பரவியபின் இவ்வொழுங்கு தேய்ந்துபோயிற்று. தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் 1530களிற் பரதவர் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். சவேரியார் வந்து தமிழிலே செபங்களைக் கற்பித்ததோ 1542இன் பின்னர். நீர் முந்திற்று, பாடம் பிந்திற்று. பழைய முறையை மீட்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இற் பணித்தது; அதற்குரிய சடங்கு நூல் 1972இல் வெளிவந்தது. இன்று நடைபெறுவது அம்முறையே.

இதன்படி, முதலில் விசாரிக்க வருபவர், பின்பு முறைப்படி மாணாக்கராக ஏற்கப்படுகிறார். பூசையில் வேத வாசகத்தையும் பிரசங்கத்தையும் கேட்டபின், நற்கருணைப் பகுதி தொடங்குமுன் அவர் வெளியே அனுப்பப்படுவது வழக்கம். தபசு காலத்தின் முதல் ஞாயிறன்று தெரிவு நிகழும். அயலவர்க்குப் பதிலாக இப்போது ஞானப்பெற்றோரும் பிறரும் சாட்சி கூறுகின்றனர். பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒருங்கே கிடைக்கும். அவ்விரவு வரையில் அவர் திரும்பிப் போகலாம், தடையில்லை. பக்குவம் நோக்கிச் சமயம், விசேடம், நிருவாணம் எனத் தீட்சையைப் படிப்படியாக வைத்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

பாடஞ் சொல்பவர் முதலில் அறியவேண்டியது வந்தவரின் நோக்கம். 387இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனார், தாமே மேற்றிராணியாரான பின், 400ஆம் ஆண்டளவில் தேயோகிராசியாஸ் என்னுந் தியாக்கோனுக்கு இதுபற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இலாபங் கருதி வந்தவன் நல்ல நோக்கமென்று பொய் சொன்னாலும் அவனைக் கண்டிக்கவேண்டாம். அவன் சொன்ன சொல்லையே தொடக்கமாகக் கொண்டு, அதுவாகவே ஆக அவன் விரும்புமாறு பேசவேண்டும் என்பது அவர் துணிபு. கேட்பவன் கொட்டாவி விட்டால் இருக்கை கொடு என்றும் சொல்கிறார். ஆசிரியர்கள் அனைவரும் படிக்கத்தக்க நூல் அது.

மாணவரின் கடிதத்தில் அடியிலே சிறிய எழுத்தில் மற்றொரு செய்தி உண்டு. தமையனார் மணக்க விரும்பும் பெண் கத்தோலிக்கராம். மாறினாலன்றி மணம் நிகழாதா என்று கேட்கிறார். நிகழும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஞானஸ்நானம் பெறாதவரை மணக்கும் கத்தோலிக்கர் மேற்றிராணியாரின் விசேட அனுமதி பெறவேண்டும். தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதனைத்தும் செய்வதாகவும் வாக்களிப்பவர் அவரே; மணமகனுக்கு அவ்வாக்குறுதி அறிவிக்கப்படும், அவ்வளவுதான். தமையனார் இதனை அறிவாரா என்பது கடிதத்திலிருந்து புலப்படவில்லை. பாஸ்கா வருமுன் வீட்டார் அவரிடம் இதைப் பேசுவது நன்று. வேண்டின் பாடம் நடத்தும் குருவானவரையும் நேரிற் சென்று கேட்கலாம்.