ஒரு வாரம் வாய்தா

ஹவுஸ் ஓனர் கையில் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். வாடகை தேதிகூட இல்லையே என்று பயந்தேன். எலி மருந்து!

"மாடிப்படிக்கு அடியில அரிசி மூட்டையை ராத்திரி பூரா குடையுது தம்பி. இன்னிக்கே வெச்சுடப் போறேன்."

"சார், நம்ம பூனை..."

"அதுக்கா வைக்கிறேன்? எலிக்குத்தானே!"

சிக்கலே அங்கேதான். பல மருந்துகளில் எலி உடனே சாகாது. சில நாள் சோர்ந்து தள்ளாடும். தள்ளாடும் எலியைப் பூனை சுலபமாகப் பிடித்துத் தின்னும். விஷம் இரண்டாவது ரவுண்டு போகும். நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், எலிக்கும் பற்று, பூனைக்கும் பற்று. வரவே கிடையாது.

பூனை என்னுடையதல்ல. பழமொழிப்படி மதில் மேல் குடியிருப்பது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் டயம் குடுங்க சார்" என்று வாய்தா வாங்கிவிட்டேன், கட்சிக்காரரைக் கேட்காமலே.

ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பூனை சிலை மாதிரி இருந்தது. காது மட்டும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பியது. நமக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60 ஆயிரத்துக்கும் மேல். எலிகள் நமக்குக் கேட்காத கீச்சுக் குரலில் பேசும் ரகசியமெல்லாம் அதற்கு மைக் செட்!

கண்ணும் அப்படித்தான். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இன்னொரு தடவை வேலை செய்யும். இருட்டில் பூனைக் கண் ஜொலிப்பது இதனால்தான். நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் சத்தமும் வராது, முனையும் மழுங்காது.

இத்தனை இருந்தும் மூக்கடியில் இருப்பது பூனைக்குச் சரியாகத் தெரியாது! கடைசி நொடியில் மீசை முன்னால் வளைந்து, எலி இருக்கும் இடத்தைத் தொட்டுச் சொல்கிறது. மீசையை முறுக்க மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

மூன்றாம் நாள் பாய்ந்தது. கோட்டை விட்டது. முன்னங்காலை நக்கியது, முகம் துடைத்தது, அதே இடத்தில் போய் மறுபடி குந்தியது. அவ்வளவுதான். என் கட்டுரை ஒன்று திரும்பி வந்தால் இரண்டு நாள் நான் யாரோடும் பேசமாட்டேன்.

அமெரிக்காவில் புரூக்ளின் குப்பை மறுசுழற்சிக் கூடம் ஒன்றில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் முடிவு வெளியானது. அங்கிருந்த பூனைகள் பிடித்த எலி இரண்டே இரண்டு! பெரிய எலியிடம் பூனை வம்புக்குப் போவதில்லை, சுண்டெலிதான் இஷ்டம். இதை ஓனரிடம் நான் மூச்சு விடவில்லை. கேஸ் படுத்துவிடுமே!

ஆறாம் நாள் காலை ஓனரின் செருப்பு மேல் ஒரு சுண்டெலி, பிரேதமாக.

"ஒண்ணுதானே தம்பி?"

"போகப்போகப் பாருங்க சார்."

அவர் மதிலைப் பார்த்தார். பூனை அவரைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தோடு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயந்திரமே மூட்டை அரிசியை மூடி போட்ட தகர டின்னுக்கு மாற்றினேன். சுவர் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். அதற்கப்புறம் குடைகிற சத்தமே இல்லை.

"பரவாயில்லையே உங்க பூனை!" என்றார் ஓனர்.

வரவு முழுவதையும் பூனை கணக்கிலேயே எழுதிவிட்டேன்.