அம்மாவுக்கு இடமில்லாத வரிசை

சம்பாதிக்கும் பெண்களிடமும், சம்பாதித்து ஓய்வு பெற்ற பெண்களிடமும் இந்த வாரம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உயில் எழுதிவிட்டீர்களா?

"எனக்கென்ன பெரிய சொத்து இருக்கு?" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் நிறையவே இருக்கிறது. பி.எஃப். பணம், தபால் நிலைய டெபாசிட், லாக்கர் நகை, வீட்டுக் கடனில் வட்டி குறையும் என்று தன் பெயரில் வாங்கிய ஃப்ளாட், கல்யாணத்தின்போது அப்பா எழுதிக் கொடுத்த மனை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. பெண்கள் பெயரில் பத்திரங்கள் இனி கூடிக்கொண்டுதான் போகும். அவர்கள் காலத்துக்குப் பின் அவை யார் கைக்குப் போகும் என்று மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சை எடுத்தாலே, "அச்சானியமா பேசாதே" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நாம் பேசாவிட்டால் நமக்குப் பதில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். அதில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு வேறொரு வரிசை.

ஒரு தாய்க்கு ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது, இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மகன் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவன் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது போலவே தாய்க்கும் ஒரு சம பங்கு உண்டு. 8-வது பிரிவின்படி தாய் முதல் வகுப்பு வாரிசு. மகள் இறந்துபோனால் கணக்கு 15-வது பிரிவுக்குப் போகிறது. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்களில் யாருமே இல்லையென்றால் கணவருடைய வாரிசுகள். அந்தப் பக்கத்திலும் ஒருவரும் இல்லாமல் போனால்தான் தாய் தகப்பன் முறை வரும். மாதாமாதம் அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த மகளாகவே இருந்தாலும், அவள் சேமிப்பிலிருந்து அந்த அம்மாவுக்குச் சட்டப்படி ஒரு ரூபாய் வராது.

2009-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. 1955-இல் கல்யாணமான ஒரு பெண். மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் அவரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டில்தான் வாழ்ந்தார், பெற்றோர்தான் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார். 1996-இல் அவர் இறந்தபோது வங்கிச் சேமிப்பு, வருங்கால வைப்பு நிதி என்று நல்ல தொகை இருந்தது. உயில் இல்லை. தாய் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனார். எதிர்ப்பக்கம் வந்து நின்றவர்கள் இறந்துபோன கணவருடைய சகோதரியின் பிள்ளைகள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு பணம் அவர்களுக்கே என்று தீர்ப்பானது. அவரைப் புகுந்த வீடு நடத்திய விதம் நீதிபதிகளுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அனுதாபத்தை வைத்து உரிமையைத் தீர்மானிக்க முடியாது, சட்டத்தின் வாசகம் இதுதான் என்றார்கள். ஒரே ஒரு தாளில் அந்தப் பெண் நாலு வரி எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு விதவைக்குக் கணவர் சொத்தில் உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டும்தான் இருந்தது. நினைத்தபடி விற்கவோ யாருக்கும் எழுதி வைக்கவோ முடியாது. அவளை முழு உரிமைக்காரி ஆக்கியதே இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவுதான். பெண்ணிடம் சொத்து இருந்தால் அது பிறந்த வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் புகுந்த வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும் என்ற காலம் அது. ஆகவே, பிள்ளை இல்லாத பெண்ணுக்குப் பெற்றோர் வழியில் வாரிசாக வந்தது தகப்பன் பக்கத்துக்கும், கணவர் அல்லது மாமனார் வழியில் வந்தது கணவர் பக்கத்துக்கும் திரும்பட்டும் என்று விதி செய்தார்கள். அவளே உழைத்துச் சம்பாதித்தது தனியாகக் கணக்கில் வரவில்லை. பொது வரிசையில், அதாவது கணவர் வீட்டை நோக்கிப் போகும் வரிசையில், விழுந்துவிட்டது. மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை தந்த 2005 திருத்தமும் இதைத் தொடவில்லை. 2008-இல் சட்ட ஆணையம் தன் 207-வது அறிக்கையில் மாற்றச் சொன்னது. விதி அப்படியே நிற்கிறது. 2025 நவம்பரில் இதே பிரிவு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பெண்கள், குறிப்பாகக் கணவரும் பிள்ளைகளும் இல்லாதவர்கள், உடனே உயில் எழுதி வையுங்கள் என்று நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

நம் பக்கத்து அப்பாக்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகளுக்கு மனையோ வீடோ தருகிறவர்கள் பெரும்பாலும் செட்டில்மெண்ட் பத்திரம்தான் போடுகிறார்கள். பெற்றோர் வழிச் சொத்து தகப்பன் பக்கம் திரும்பும் என்ற விதி, வாரிசாக வந்த சொத்துக்கு மட்டுமே. எழுதிக் கொடுத்தது அதில் சேராது. நீங்கள் ஆசையாகக் கொடுத்த மனை, மகளும் மருமகனும் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தால், நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்குப் போகலாம்.

கணவரைப் பிரிந்து வாழும் பெண்களை நினைத்தால் கவலை இன்னும் கூடுகிறது. விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வராதவரை, எத்தனை ஆண்டுகள் தனியாக வாழ்ந்தாலும் அவர்தான் முதல் வரிசை வாரிசு. அக்கா மகளையோ தங்கை மகளையோ எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்த சித்திகளும் பெரியம்மாக்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முறைப்படி தத்து எடுத்திருந்தால் ஒழிய, சட்டத்தின் முன் அந்தப் பெண் வளர்த்தவளுக்கு மகள் ஆவதில்லை.

"நாமினி போட்டிருக்கேனே, போதாதா?" என்பார்கள். போதாது. நாமினி பெரும்பாலும் பணத்தை வாங்கி வைக்கும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் இல்லை.  2023-இல் பங்குகளுக்கு உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. வங்கிக் கணக்கில் இப்போது நான்கு பேர் வரை நாமினி போடலாம். அதைச் செய்யுங்கள், கூடவே உயிலும் எழுதுங்கள்.

எழுதுவது பெரிய காரியமே இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழில், உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் இருக்கட்டும். நாளைக்கு வழக்கென்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது என்பேன், அதிலும் உங்கள் விருப்பம் சொந்தக்காரர்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தால். வயதானவர்கள் அதே நாளில் ஒரு டாக்டரிடம் நல்ல நினைவோடு இருப்பதாகச் சான்று வாங்கி வைப்பது இன்னும் பாதுகாப்பு. சொத்தைப் பெறப்போகிற பிள்ளையே பத்திர எழுத்தரிடம் அழைத்துப்போய், பக்கத்தில் உட்கார்ந்து வாசகம் சொல்லிக் கொடுத்தால், நீதிமன்றம் அந்த உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இஸ்லாமியப் பெண்களுக்கு விதி வேறு: சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

மனம் மாறினால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்டில் அந்த வசதி கிடையாது. பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். எழுதி வைத்த உயில் எந்த பீரோவில் இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

அம்மாவுக்கு ஒரு பங்கு என்று எழுதப்போகிற மகள்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. உங்களுக்கு முன்பே அம்மா போய்விட்டால் அவருக்கென்று எழுதிய பங்கு பழையபடி சட்டத்தின் வரிசைக்கே திரும்பிப் போகக்கூடும். அப்படி நேர்ந்தால் அந்தப் பங்கு தம்பிக்கா, தங்கைக்கா, நீங்கள் வளர்த்த பிள்ளைக்கா என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.