வைத்தியரின் கடிதமும் முடிவெடுத்த திகதியும்

இங்கிலாந்தில் வலுவிழந்தோருக்கான 'பிப்' கொடுப்பனவு மறுக்கப்பட்டவர்களில் பலர், மேன்முறையீட்டுக்கென வைத்தியரிடம் புதிய கடிதமொன்றை வாங்கி இணைக்கின்றனர். நோயின் பெயரும் மருந்துப் பட்டியலும் மாத்திரம் அதில் இருந்தால் பயன் சொற்பமே.

திணைக்களம் முடிவெடுத்த நாளில் நிலவிய நிலைமையையே தீர்ப்பாயம் கருத்திற்கொள்ளலாம் என்கிறது 1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம். பின்னர் நோய் முற்றியிருந்தால் அதற்குப் புதிய விண்ணப்பமே வழி. ஆனால், பின்னர் எழுதப்பட்ட கடிதமாயினும் அந்நாளைய நிலைமையைப் பேசுமாயின் அது செல்லும்.

நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. சமைத்தல், குளித்தல், உடுத்தல், நடத்தல் ஆகியவற்றில் உள்ள இடர்ப்பாட்டுக்கே புள்ளி. அவற்றைப் பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. இதனை நாள்தோறும் காண்பவர் மனைவியோ மகளோதான். அவர்கள் திகதியிட்டு எழுதும் குறிப்பும் சான்றே. அங்குள்ள நம்மவர்களோ வைத்தியர் நலம் வினவினால், "சமாளிக்கிறேன்" என்பர். கௌரவம்! அந்த ஒரு சொல் மருத்துவக் கோவையில் பதிவாகி, பின்னர் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கிறது.

விசாரணைக்குச் சென்ற 'பிப்' வழக்குகளில் பாதிக்கும் மேலானவை, பல ஆண்டுகளாக விண்ணப்பதாரருக்குச் சார்பாகவே முடிந்துள்ளன. அப்படியாயின் முதலில் முடிவெடுத்த உத்தியோகத்தர் எதைத்தான் பார்த்தார்? இச்சான்றுகளை ஆரம்பத்திலேயே கேட்டுப்பெறும் பொறுப்பு அரசினுடையது. அதனை நோயாளியின் தலையில் சுமத்துவது அநீதி.

மீளாய்வு கோர ஒரு மாதமே அவகாசம். கடிதம் வரும்வரை காத்திராது கோரிக்கையை உடன் அனுப்பி, சான்று பின்னர் வருமென அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.