போத்தலில் ஒரு சிவப்பு வட்டம்



பிள்ளை குடிக்கும் சோடாப் போத்தலை வாங்கிப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் மென்பானங்களுக்கு நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். 400 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தலில் பதினொரு தேக்கரண்டிச் சீனிக்கு மேல்!

"எங்கள் பிள்ளை ஒல்லிதானே, கொஞ்சம் கொழுக்கட்டுமே" என்பீர்கள். பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் கவலை அதுதான். 2016 கணக்கெடுப்பில், தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதற்கும் 17 பேர். சீனி உயரத்தைத் தராது, சோற்றுப் பசியைத்தான் கெடுக்கும். சிறுவயதில் குன்றிய உடம்புக்குப் பிற்காலத்தில் பருமனும் நீரிழிவும் வரும் ஆபத்துக் கூட.

கடலையோ முட்டையோ அவித்துக் கட்டிக் கொடுங்கள். வகுப்பாசிரியையிடம் அந்த மூன்று நிறங்களையும் கற்பிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத சின்னவனும் சிவப்பை அறிவான்.