எரித்தால் ஒழியுமா தோல் கழிவுச் சேறு?



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் நெடுகத் தோல் ஷாப்புகள். அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சுவது குரோமியச் சேறு. அதை என்ன செய்வது என்று கேட்டால், "எரித்துவிட்டால் வேலை முடிந்தது" என்கிறார்கள். முடிந்தது யாருக்கு? அவர்களுக்கு! நமக்கு அப்போதுதான் ஆரம்பம்!

வைக்கோலைக் கொளுத்தினாலே சாம்பல் மிஞ்சுது. குரோமியம் உலோகம், நெருப்பில் அழியாது. சேற்றில் இருப்பது பெரும்பாலும் வீரியம் குறைந்த வகை. காற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து சூடேறினால், அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். இது நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. தண்ணீரில் சுலபமாகக் கரையும். சாம்பலை வெறும் தரையில் கொட்டி ஒரு மழை பெய்தால் போதும், நம்ம கிணத்துப் பக்கம் கிளம்பிடும்.

தோல் கெடாமலிருக்க உப்பு போடுகிறார்கள். அந்த உப்பின் குளோரின் சேற்றிலும் இருக்கு. சூளையில் சூடு குறைந்தாலோ, புகை மெதுவாக ஆறினாலோ டையாக்சின் உருவாகும். புல்லில் படியும்; மாடு மேயும்; பால் கொழுப்பில் சேரும்; நம்ம பிள்ளை குடிக்கும்.

"நல்ல சூளை, வடிகட்டி எல்லாம் இருக்கு" என்பார்கள். அபாயக் கழிவு எரிக்கும் சூளைப் புகையில், ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் டையாக்சினைத் தாண்டக் கூடாது என்பது விதி. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! மூக்கால் மோந்து கண்டுபிடிக்க முடியுமா? வருஷத்தில் ஒருநாள் சொல்லிவைத்து வந்து அளந்தால், மீதி 364 நாள் என்ன விட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? வடிகட்டியில் சிக்கிய தூளும் நஞ்சுதானே, அதை எங்கே கொட்டுவார்கள்?

சேறு அப்படியே கிடக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். அதை மறக்க முடியுமா? ஒரு ஆபத்தைக் காட்டி இன்னொரு ஆபத்தை நம்ம தலையில் கட்டாதே என்கிறோம்.

பாலாற்றுத் தோல் ஷாப்பு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதை அது பதிவு செய்தது. தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துகிறவன் பொறுப்பு என்றும் சொன்னது. விவசாயி செத்து நிரூபிக்க வேண்டியதில்லை!

நமது கோரிக்கைகள்:

1. எரிக்கும் முன்பே நம்ம கிணறு, மண், மாட்டுப்பாலைச் சோதித்துக் கணக்கு எடு!
2. சேறு, புகை, சாம்பல் மூன்றின் சோதனை முடிவையும் தமிழில் கிராமசபையில் வை!
3. குரோமியத்தைத் தோல் ஷாப்பிலேயே மீட்டெடுத்து, சேற்றின் நஞ்சைக் குறை!
4. பயிரோ, மாடோ, மனுஷரோ பாதிக்கப்பட்டால் யார் நஷ்டஈடு தருவது என்று எழுதிக் கொடு!

உங்கள் ஊர்ப் பக்கம் சூளை வருகிறதா? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். எத்தனை டன் எரிப்பார்கள், சாம்பல் எங்கே போகும், அனுமதி கொடுத்தது யார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரணும்.

ஆதாரம் காட்டு! அப்புறம் அடுப்பு மூட்டு!
ஒன்றுபடுவோம்! மண்ணைக் காப்போம்!