புரட்டாசி ஒரு நல்ல ஆரம்பம்

பசுமலையில் ஒரு கல்லூரி மாணவர் சைவத்துக்கு மாறிவிட்டதாக வீட்டில் சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். கறி தோசைக்குப் பெயர்போன மதுரை ஆயிற்றே! அடுத்த கேள்வி கொஞ்சம் காரமாக வரும்: "அப்ப நீ மட்டும் உசத்தியா?"

கேள்வி நியாயமானதுதான். தமிழ்நாட்டில் 'சைவம்' என்ற சொல்லோடு சாதிப் பெருமையும் பல காலம் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெருமையோடு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் புலால் மறுப்புக்கு வேறு மரபும் உண்டு. பசுமலைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலையில் துறவிகள் வாழ்ந்தார்கள். திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வள்ளலார் 1867-ல் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் பசியோடு வருகிறவர்களுக்குச் சாதி, மதம் கேட்காமல் இன்றும் சைவச் சாப்பாடு போடுகிறார்கள்.

நண்பர்களையும் வீட்டாரையும் அழைக்க அதுவே நல்ல வழி. புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. அந்த மாதம் சமையலில் கைகொடுத்து, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துப் பரிமாறலாம். பிறகு, "வாரத்தில் ஒரு நாள் இப்படி இருக்கலாமா?" என்று கேட்கலாம். மறுத்தால் கோபம் வேண்டாம். அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். குழம்பு ருசியாக இருந்தால் மறுபடி அவர்களே கேட்பார்கள்!